சீரியல் எண் இல்லாத பில்

2025 மே 4 ஆம் தேதி, அக்னி நட்சத்திரம் தொடங்கிய அன்று இரவு, சத்துவாச்சாரியில் எங்கள் தெருவில் பத்தே முக்கால் மணிக்கு மின்சாரம் நின்றது. வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பகலெல்லாம் காய்ந்த மொட்டைமாடி, உறிஞ்சி வைத்த சூட்டை நள்ளிரவு வரை வீட்டுக்குள் இறக்கிக்கொண்டே இருக்கும். என் மாமியாருக்கு ஆஸ்துமா. மின்விசிறி நின்றால் அவருக்கு மூச்சு முட்டும், நெபுலைசருக்கும் மின்சாரம் வேண்டும். இவற்றை எண்ணித்தான் மூன்று ஆண்டுகளுக்கு முன் இன்வெர்ட்டருக்கு 150 ஆம்பியர்-மணி (Ah) ட்யூபுலர் பேட்டரி வாங்கினோம். இரண்டு விசிறியும் இரண்டு விளக்கும் மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடும். அன்று பதினொரு நிமிடத்தில் இன்வெர்ட்டர் கூவி அடங்கிவிட்டது. மின்சாரம் திரும்பும் வரை நானும் என் மகனும் மாறி மாறி விசிறி மட்டையால் அவருக்கு வீசிக்கொண்டிருந்தோம்.

மறுநாள் காலையில் முதல் வேலையாக மின்னஞ்சலில் தேடி அந்தப் பில்லை எடுத்தேன். இணையச் சந்தை ஒன்றில் 2022 ஜூன் 11 அன்று 14,650 ரூபாய்க்கு வாங்கியிருந்தோம். பேட்டரிக்கு மொத்தம் 60 மாத வாரண்டி. முதல் 36 மாதத்தில் பழுதானால் புதிய பேட்டரி தருவார்கள். அடுத்த 24 மாதத்தில் பழுதானால் புதிய பேட்டரியின் விலையில் ஒரு பங்கைத் தள்ளித் தருவார்கள். 36 மாதம் முடிய இன்னும் ஐந்து வாரத்துக்கு மேல் இருந்ததால், சிக்கல் எதுவும் இருக்காது என்றே நம்பினேன்.

நான் ராணிப்பேட்டையில் தோல் பொருள் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் பதினாறு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். பில்லைப் படிப்பதுதான் என் தொழில் என்றாலும், வாங்கிய நாளில் இந்தப் பில்லை நான் ஊன்றிப் படிக்கவில்லை. இப்போது படித்தபோது இரண்டு செய்திகள் தெரிந்தன. முதலாவது, எனக்கு அந்தப் பேட்டரியை விற்றது நான் பணம் கட்டிய இணையச் சந்தை அன்று, அதில் கடை விரித்திருந்த வேறொரு வணிகர். ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் எந்த மாநிலத்தில் பதிவு என்பதைக் காட்டும். தமிழ்நாட்டுக்கு 33, கர்நாடகத்துக்கு 29. என் பில்லில் இருந்தது 29. இரண்டாவது, பில்லில் பேட்டரியின் மாடல் பெயர் மட்டுமே இருந்தது, சீரியல் எண் இல்லை. இந்த இரண்டாவது செய்திதான் அடுத்த இருபத்தைந்து நாட்களும் என்னை அலைக்கழிக்கப் போகிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

தயாரிப்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணில் புகார் பதிவு செய்ததும், மே 7 ஆம் தேதி காலை ஒரு டெக்னீஷியன் வந்தார். இருபத்தைந்து வயது இருக்கும், காட்பாடியிலிருந்து வந்திருந்தார். முந்தைய இரவு முழுவதும் சார்ஜில் வைத்திருக்கச் சொல்லியிருந்தார், வைத்திருந்தோம். மூடிகளை ஒவ்வொன்றாகத் திறந்து, ரப்பர் குமிழ் வைத்த கண்ணாடிக் குழாயான ஹைட்ரோமீட்டரை உள்ளே விட்டு ஆசிட்டை உறிஞ்சி, குழாய்க்குள் மிதவை எந்தக் கோட்டில் நிற்கிறது என்று கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். 12 வோல்ட் பேட்டரியில் ஆறு செல்கள் இருக்கும். நன்றாகச் சார்ஜ் ஏறிய ட்யூபுலர் பேட்டரியில் ஆசிட்டின் அடர்த்தி 1.240 அளவில் நிற்க வேண்டும். முதல் மூன்று செல்களிலும் 1.230, 1.225 என்று வந்தது. நான்காவது செல்லில் மிதவை ஆழ்ந்துபோய் 1.110 காட்டியது, உறிஞ்சிய ஆசிட்டும் கலங்கிப் பழுப்பாக இருந்தது. மற்ற இரண்டும் நன்றாகவே இருந்தன. மீட்டரை வைத்துப் பார்த்ததில் மொத்த வோல்டேஜ் 10.6.

“நாலாவது செல் போயிடுச்சும்மா. உள்ளேயே ஷார்ட் ஆயிருக்கு. போர் தண்ணி ஏதாவது ஊத்தினீங்களா?” என்று கேட்டார்.

கேட்டது நியாயமான கேள்வி. எங்கள் பகுதியில் ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு மிகுதி. குழாய் வாயில் வெள்ளையாகப் படிந்து நிற்கும். அதைப் பேட்டரியில் ஊற்றினால் தகடுகள் கெடும், வாரண்டியும் போகும். நாங்கள் கடையில் ஐந்து லிட்டர் கேனில் டிஸ்டில்ட் வாட்டர் வாங்கித்தான் ஊற்றுகிறோம் என்று சொல்லி, பாதி தீர்ந்த கேனைக் காட்டினேன். அவர் தலையசைத்துவிட்டு ஆறு செல்களின் அளவையும் ஜாப் ஷீட்டில் எழுதினார். ‘உற்பத்திக் குறைபாடு, மாற்றித் தரலாம்’ என்றும் எழுதிக் கையெழுத்திட்டார். பிறகு பேட்டரியின் மேல் விளிம்பில் பதித்திருந்த சீரியல் எண்ணைத் துணியால் துடைத்துப் படித்துக் கைபேசியில் அடித்தார். அடித்ததும் அவர் முகம் மாறியது. “சிஸ்டத்துல வேற தேதி காட்டுதும்மா. நான் ரிப்போர்ட் போட்டுடறேன், ஆபீஸ்ல கேட்டுக்கோங்க” என்றார்.

நிறுவனத்தின் பதில் மே 9 அன்று வந்தது. அந்தச் சீரியல் எண் கொண்ட பேட்டரி 2022 ஜனவரி 18 அன்று வேறு மாநில விநியோகஸ்தர் ஒருவருக்கு அனுப்பப்பட்டது. அது யாருக்கு, எப்போது விற்கப்பட்டது என்று விற்பனையாளர் எவரும் பதிவு செய்யவில்லை. எனவே வாரண்டி அனுப்பிய நாளிலிருந்தே கணக்கிடப்படும், 36 மாதம் ஜனவரியிலேயே முடிந்துவிட்டது, இனி விலைத் தள்ளுபடி மட்டுமே கிடைக்கும் என்று எழுதியிருந்தார்கள்.

இந்தத் தள்ளுபடியைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பேட்டரி வாங்குகிற பலரும் 60 மாதம் என்ற பெரிய எண்ணைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். எனக்குச் சொன்ன தள்ளுபடி 30 விழுக்காடு. அதை அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலையிலிருந்து தள்ளுவார்கள். அச்சிட்ட விலை 21,900 ரூபாய், தள்ளுபடி போக நான் கட்ட வேண்டியது 15,330 ரூபாய். அன்று மாலையே வேலூர் அண்ணா சாலையில் ஒரு பேட்டரி கடையில் விசாரித்தேன். அதே மாடல், பழைய பேட்டரியை எடுத்துக்கொண்டு 15,800 ரூபாய் என்றார்கள். கடையில் யாரும் அச்சிட்ட விலைக்கு விற்பதில்லை. ஆகவே பின்பகுதி 24 மாத வாரண்டியின் மதிப்பு, என் கணக்கில், 470 ரூபாய். வாரண்டி 60 மாதம் என்று போட்டிருந்தால், அதில் மாற்றித் தரும் காலம் எத்தனை மாதம் என்பதை மட்டும் கணக்கில் கொள்ளுங்கள். மீதியை நம்பிக் கூடுதலாக ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

அந்த அண்ணா சாலைக் கடைக்காரர் என்னை நினைவு வைத்திருந்தார். 2022 இல் இதே பேட்டரிக்கு அவர் 16,550 ரூபாய் சொன்னார். 1,900 ரூபாய் குறைவு என்பதால் நாங்கள் இணையத்தில் வாங்கினோம். “எங்கிட்ட வாங்கியிருந்தா வித்த அன்னைக்கே சீரியல் நம்பரை ஏத்தி, கார்டுல சீல் போட்டுக் குடுத்திருப்பேன்மா” என்று அவர் சொன்னபோது அதில் குத்தல் எதுவும் இல்லை. அந்த 1,900 ரூபாயில் அவருடைய லாபத்தோடு இந்தப் பதிவும் முத்திரையும் அடங்கியிருந்தன என்பதை அன்றுதான் விளங்கிக்கொண்டேன். இணையத்தில் வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கடைக்காரர் நமக்காகச் செய்து கொடுக்கும் அந்த வேலையை இணையத்தில் வாங்கும்போது நாமே செய்துகொள்ள வேண்டும் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

விற்றவர் பதிவு செய்யாதது விற்றவரின் குறை என்பதால் அவரைத் தேடினேன். இணையச் சந்தையில் அந்தப் பெயரில் கடையே இல்லை. பில்லில் இருந்த தொலைபேசி எண் உபயோகத்தில் இல்லை. இணையச் சந்தையின் உதவிப் பிரிவில் ஒரு மணி நேரம் எழுத்து வழியே பேசியதில் கிடைத்த பதில் ஒன்றே ஒன்றுதான்: திருப்பிக் கொடுப்பதற்கான காலம் முடிந்துவிட்டது, வாரண்டிக்குத் தயாரிப்பாளரை அணுகவும். தயாரிப்பாளர் விற்பனையாளரை அணுகச் சொல்கிறார், விற்பனையாளர் இல்லை, சந்தை தயாரிப்பாளரிடம் போகச் சொல்கிறது. பணம் கொடுத்தவர் மூன்று வாசலிலும் நிற்க வேண்டியிருக்கிறது.

உதவிப் பிரிவில் பேசுகிறவர் பொய் சொல்வதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்நிய முதலீடு பெற்ற இணையச் சந்தைகள் தம் சொந்தச் சரக்கை விற்கக் கூடாது. பிறர் விற்பதற்கு இடம் மட்டுமே கொடுக்கலாம். விற்ற பொருளின் வாரண்டிக்கு விற்பனையாளரே பொறுப்பு. இந்திய அரசின் அந்நிய நேரடி முதலீட்டுக் கொள்கையே இப்படித்தான் சொல்கிறது. ஆனால் சந்தைக்குக் கடமையே கிடையாது என்று அதற்குப் பொருள் இல்லை. 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2020 ஜூலையில் மின்வணிக விதிகள் வந்தன. அவற்றைப் பொறுமையாக ஒரு மாலை உட்கார்ந்து படித்தேன். ஒவ்வொரு மின்வணிக நிறுவனமும் குறைதீர் அலுவலர் ஒருவரை நியமித்து, அவருடைய பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் காட்ட வேண்டும். புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் அதைத் தீர்க்க வேண்டும். பொருளுக்கு என்ன வாரண்டி உண்டு என்பதை விற்பனையாளர் தெரிவித்தாக வேண்டும். வாங்கியவர் எழுத்து மூலம் கேட்டால், தனக்கு விற்றவர் யார், அவருடைய தலைமையிடம் எது என்ற விவரத்தைச் சந்தை கொடுத்தாக வேண்டும். கடைசியாகச் சொன்ன இந்த விதி பலருக்குத் தெரியாது. உதவிப் பிரிவின் அரட்டைப் பெட்டியில் எத்தனை நாள் மன்றாடினாலும் கிடைக்காத ஒன்று, விதியைச் சுட்டிக் குறைதீர் அலுவலருக்கு எழுதும் ஒரே கடிதத்தில் கிடைக்கக்கூடும்.

நான் அந்தக் கடிதத்தை மே 10 அன்று இரவு எழுதினேன். ஒரு பக்கத்துக்கு மேல் போகவில்லை. ஆர்டர் எண், பில் எண், வாங்கிய நாள், பழுதான நாள், டெக்னீஷியன் எழுதிய ஆறு அளவுகள், நிறுவனம் மறுத்த நாளும் காரணமும், எனக்கு என்ன வேண்டும், எந்த நாளுக்குள் வேண்டும் என்பவை மட்டும்தான் அதில் இருந்தன. என் மாமியாரின் நிலையையும் எங்கள் மனவேதனையையும் முதல் வரைவில் எழுதியிருந்தேன், பிறகு எடுத்துவிட்டேன். அவை உண்மையே. ஆனாலும் கடிதத்தைப் படிக்கிற அலுவலருக்கு முதல் நான்கு வரியில் தேதிகள் தெரிந்தாக வேண்டும். கடிதத்தோடு பில், ஜாப் ஷீட், மறுப்பு மின்னஞ்சல் ஆகிய மூன்றையும் சேர்த்து அனுப்பினேன். மறுநாளே பெற்றுக்கொண்டதாகப் பதில் வந்தது. ஆறாம் நாள் விற்பனையாளரின் பதிவு பெற்ற பெயரும் பெங்களூரு முகவரியும் வந்தன.

இதற்கிடையே என் தொழில் பழக்கத்தால் இன்னொன்றும் செய்தேன். பில்லில் உள்ள பதினைந்து எழுத்து ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி இணையதளத்தில் கொடுத்துத் தேடினால், அந்த வணிகரின் சட்டப்படியான பெயர், பதிவு நாள், தொழில் நடக்கும் முதன்மை இடம், பதிவு உயிரோடு இருக்கிறதா ரத்தாகிவிட்டதா என்பவை யாருக்கும் கட்டணமில்லாமல் தெரியும். என்னிடம் விற்றவரின் பதிவு 2023 இலேயே ரத்தாகியிருந்தது. பொருள் வாங்கும் முன்பே, சந்தைத் தளத்தில் விற்பனையாளர் பெயரைத் தொட்டால் வரும் விவரத்தில் இந்த எண் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் இரண்டு நிமிடம் செலவழித்துத் தேடிப் பாருங்கள். பதிவாகி நான்கு மாதமே ஆன வணிகரிடம் ஐந்து ஆண்டு வாரண்டியுள்ள பொருளை வாங்குவதா என்று அப்போதே முடிவு செய்யலாம்.

மே 13 அன்று தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் பேசினேன். தமிழில் பேச விரும்புவதாகச் சொன்னதும் தமிழ் தெரிந்த ஒருவரிடம் இணைத்தார்கள். எதிர்முனையில் இருந்த பெண் அவசரப்படுத்தாமல் கேட்டுக்கொண்டு, சந்தை, தயாரிப்பாளர் இருவர் மேலும் தனித்தனியாகப் புகார் பதிவு செய்து எண்களைக் கொடுத்தார். பேச்சின் நடுவில் அவர் கேட்ட ஒரு கேள்விதான் எனக்கு வழியைக் காட்டியது: “மேடம், வாரண்டி கார்டுல காலம் எந்த நாள்ல இருந்து தொடங்குதுன்னு எழுதியிருக்காங்க, பாத்தீங்களா?”

பார்க்கவில்லை. பில்லைப் பார்த்தேன், விதிகளைப் படித்தேன், சட்டத்தைப் படித்தேன், பேட்டரியோடு வந்து மூன்று ஆண்டாக அலமாரியில் பிளாஸ்டிக் உறைக்குள் கிடந்த அந்தச் சிறு மடிப்புத் தாளைப் படிக்கவில்லை. எடுத்துப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தபோது, வாரண்டிக் காலம் முதல் பயனாளர் வாங்கிய நாளிலிருந்து தொடங்கும் என்றும், வாங்கியதற்கான சான்று இல்லாவிட்டால் மட்டுமே தொழிற்சாலையிலிருந்து அனுப்பிய நாள் கணக்கில் கொள்ளப்படும் என்றும் தெளிவாக இருந்தது. என்னிடம் சான்று இருக்கிறது. நிறுவனத்துக்கு அவர்களுடைய வாசகத்தையே எடுத்துக்காட்டி எழுதினேன்.

அவர்கள் பதில் எனக்கு எரிச்சலூட்டினாலும் அதில் உள்ள நியாயத்தை என்னால் மறுக்க முடியவில்லை. உங்கள் பில்லில் சீரியல் எண் இல்லை, ஆகவே இந்தப் பில் இந்தப் பேட்டரிக்கு உரியதுதான் என்று எப்படி ஏற்பது என்று கேட்டிருந்தார்கள். வேறொரு பேட்டரியின் பில்லைக் கொண்டுவந்து பழைய பேட்டரிக்கு மாற்று வாங்கப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதை, கணக்குப் பிரிவில் இருக்கும் நான் நம்பாமல் இருக்க முடியாது. பொருளையும் பில்லையும் கட்டிவைக்கும் கயிறு அந்தச் சீரியல் எண் ஒன்றுதான். என் பில்லில் அந்தக் கயிறு இல்லை.

அந்த இரவு என் மகன்தான் அதைக் கண்டுபிடித்தான். பேட்டரி வந்த நாளில் அவன் எட்டாம் வகுப்பில் இருந்தான். எந்த முனையில் எந்த ஒயரை மாட்டுவது என்று கேட்பதற்காக, குடியாத்தத்தில் மின்வேலை செய்யும் என் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான். என் தம்பி தன் கைபேசியில் எதையும் அழிக்கிற பழக்கம் இல்லாதவன், தேடி எடுத்து அனுப்பினான். 2022 ஜூன் 15, மாலை 5.52. பாதி பிரித்த அட்டைப்பெட்டிக்குள் பேட்டரி. மேல் விளிம்பில் சாய்வெளிச்சம் பட்டு ஒவ்வோர் இலக்கமும் நிழலோடு தெரியும் சீரியல் எண். அதே படத்தின் இடது ஓரத்தில், கிழியாமல் இருந்த பார்சல் சீட்டில் என் ஆர்டர் எண். ஒயர் மாட்ட எடுத்த படம் அது. அதில் அந்த இரண்டு எண்களும் ஒன்றாக விழுந்தது எங்கள் நல்ல நேரம்.

ஆகவே உங்களிடம் நான் வற்புறுத்திக் கேட்டுக்கொள்வது இது: பார்சல் வந்த அன்றே, பெட்டியைப் பிரிக்கும்போதே, பார்சல் சீட்டும் பொருளின் சீரியல் எண்ணும் ஒரே படத்தில் தெரியும்படி ஒரு படம் எடுத்து, தேதி மாறாத ஓர் இடத்தில், உங்களுக்கே அனுப்பிக்கொள்ளும் மின்னஞ்சலிலாவது, போட்டு வையுங்கள். பில்லில் சீரியல் எண் இல்லை என்றால் அன்றே விற்பனையாளருக்கு எழுதிக் கேளுங்கள். தயாரிப்பாளரின் தளத்தில் வாரண்டியைப் பதிவு செய்து, அது எந்த நாளில் முடிவதாகக் காட்டுகிறது என்று பாருங்கள். ‘தயாரிப்பாளர் வாரண்டி’ என்று விற்பனைப் பக்கத்தில் போட்டிருக்கிறதா, ‘விற்பனையாளர் வாரண்டி’ என்று போட்டிருக்கிறதா என்பதையும் படமாக எடுத்து வையுங்கள், ஏனென்றால் அந்தப் பக்கம் நாளைக்கு இருக்காது. விற்பனையாளர் வாரண்டி என்பது அந்த விற்பனையாளர் இருக்கும் வரைதான். என் அனுபவத்தில் அவர் ஓராண்டுக்குச் சற்று அதிகமாக இருந்திருக்கிறார். அட்டைப்பெட்டியையும் தூக்கி எறிய வேண்டாம்: பொட்டலப் பொருள் விதிகளின்படி தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, தயாரித்த மாதம், புகார் சொல்ல வேண்டிய தொடர்பு ஆகியவை அந்தப் பெட்டியின் மேல்தான் அச்சாகியிருக்கும். இறக்குமதியாளர் பெயரே இல்லாத வெளிநாட்டுப் பொருளுக்கு இந்தியாவில் வாரண்டி கேட்டுப் போக ஆளே கிடையாது என்பதை வாங்கும் முன்பே தெரிந்துகொள்ளலாம்.

இவற்றையெல்லாம் திருப்பிக் கொடுக்கும் காலம் முடிவதற்குள் செய்வதில் ஒரு தனிப் பயன் இருக்கிறது. வாலாஜாபேட்டையிலிருந்து வரும் என் சக ஊழியர் ஒருவர், நான் அலைவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர், அதே மாதத்தில் இணையச் சந்தையில் கைபேசி வாங்கினார். வந்த மூன்றாம் நாள் *#06# அடித்து, ஒவ்வொரு கைபேசிக்கும் தனியாக உள்ள அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணை எடுத்துத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டுப் பார்த்தார். அந்தக் கைபேசியின் வாரண்டி ஒன்பது மாதத்துக்கு முன்பே தொடங்கியிருந்தது. யாரோ திறந்து பயன்படுத்தியதைப் புதிது என்று விற்றிருக்கிறார்கள். திருப்பிக் கொடுக்க இன்னும் நான்கு நாள் இருந்ததால் ஒரு வாதமும் இல்லாமல் பணம் திரும்பி வந்தது. ஓராண்டு கழித்துச் சர்வீஸ் சென்டரில் தெரிந்திருந்தால் அவர் என் நிலைக்கு வந்திருப்பார்.

படத்தை அனுப்பிவிட்டுக் காத்திருந்த நாட்களில், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குக் கொடுக்க வேண்டிய மனுவையும் எழுதி வைத்தேன். சட்டத்தின் இந்தப் பகுதி எனக்கு மிகுந்த தெம்பைக் கொடுத்தது. 1986 ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில், எதிர்த்தரப்பு இருக்கும் இடத்திலோ வழக்குக்குக் காரணம் எழுந்த இடத்திலோதான் வழக்குப் போட வேண்டும். பெங்களூரு விற்பனையாளருக்கும் வடநாட்டு நிறுவனத்துக்கும் எதிராக எந்த ஊரில் போடுவது என்பதே ஒரு வழக்காகிவிடும். 2019 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34 ஆம் பிரிவு, புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலேயே, அல்லது அவர் வேலை பார்க்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம் என்று சொல்கிறது. வேலூரில் வாழும் நான் வேலூரிலேயே போடலாம், அவர்கள் இங்கே வந்து பதில் சொல்ல வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயம் இல்லை, மனுவை இணையம் வழியாகவும் கொடுக்கலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும். நோட்டீஸ் கிடைத்த எதிர்த்தரப்பு 30 நாளில் பதில் தர வேண்டும். ஆணையம் அதற்கு மேல் 15 நாள்தான் கூட்டித் தரலாம். என் மனுவில் தயாரிப்பாளர், விற்பனையாளர், இணையச் சந்தை ஆகிய மூவரையும் எதிர்த்தரப்பாகச் சேர்த்திருந்தேன். மூவரும் ஒரே அறையில் நின்றால்தான் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவது முடிவுக்கு வரும்.

அந்த மனுவைக் கொடுக்க வேண்டிய தேவை வரவில்லை. மே 29 அன்று தயாரிப்பு நிறுவனத்திலிருந்து தொலைபேசியில் அழைத்து, படத்தையும் பில்லையும் ஏற்றுக்கொண்டதாகவும், 2022 ஜூன் 11 என்று தேதியைத் திருத்திவிட்டதாகவும் சொன்னார்கள். கடிதமா, உதவி எண்ணில் பதிவான புகாரா, படமா, எது வேலை செய்தது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் தேதியைத் திருத்த அவர்களுக்கு ஓர் ஆவணம் வேண்டியிருந்தது, அது அந்தப் படம்தான்.

மே 31, சனிக்கிழமை, முதல்முறை வந்த அதே டெக்னீஷியன் இன்னொருவரோடு புதிய பேட்டரியைக் கொண்டுவந்தார். ஐம்பது கிலோவுக்கு மேல் எடையுள்ளதை இருவருமாக மாடிப்படிக்குக் கீழே இறக்கி வைத்து, பழையதைக் கழற்றி, முனைகளில் வாசலின் தடவி, ஒயரை முறுக்கிக் கொடுத்தார்கள். எல்லாம் முடிந்து கிளம்பும் நேரத்தில், புதிய சீரியல் எண்ணை எழுதி முத்திரை போட்ட ஒரு தாள் வேண்டும் என்றேன். “சிஸ்டத்துல ஏறிடும்மா” என்றார். மாற்றிக் கொடுத்த பொருளின் சீரியல் எண் பழைய பில்லோடு ஒருபோதும் பொருந்தாது, அடுத்த முறை வருகிறவர் மறுபடியும் இதே கேள்வியைத்தான் கேட்பார் என்று விளக்கினேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, வண்டியிலிருந்து லெட்டர்பேடை எடுத்துவந்து, பழைய எண், புதிய எண், மாற்றிய நாள், காரணம் எல்லாம் எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார். வேண்டியதைக் கேட்டால் செய்து தருகிறவர்கள்தான் அதிகம். அந்த டெக்னீஷியன் முதல் நாளே நேர்மையாக எழுதிய ஆறு அளவுகள் இல்லாமல் என் புகார் நின்றிருக்காது. மாமியார் அவருக்கு மோர் கொடுத்து அனுப்பினார்.

ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. மாற்றித் தந்த பேட்டரிக்குப் புதிய வாரண்டி கிடையாது, பழைய பேட்டரியின் மீதிக் காலம் மட்டுமே உண்டு என்று அதே மடிப்புத் தாளில் இருக்கிறது. அதன்படி என் புதிய பேட்டரியை முழுமையாக மாற்றித் தரும் காலம் 2025 ஜூன் 10 அன்று முடிந்தது, அதாவது வீட்டுக்கு வந்த பதினோராம் நாளில். தொழிற்சாலையில் புதிதாகச் செய்த ஒரு பொருளின் நான்காவது செல் பன்னிரண்டாம் நாளில் போனால், அதற்கு 30 விழுக்காடு தள்ளுபடிதான் பரிகாரம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மாற்றித் தரும் பொருளுக்குக் குறைந்தது ஆறு மாதமாவது தனி வாரண்டி தர வேண்டும் என்று விதியே வகுக்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இதை விளக்கி, என் பில், மடிப்புத் தாள், முத்திரை வைத்த தாள் மூன்றின் நகலோடு, தில்லியில் உள்ள மத்திய நுகர்வோர் விவகாரத் துறைக்குப் பதிவுத் தபாலில் எழுதியிருக்கிறேன். ஒப்புகை அட்டை திரும்பி வந்துவிட்டது. பதில் வந்ததும் அதையும் இங்கே எழுதுகிறேன்.